கங்காணிக்கு எதற்கு ஓட்டு?

19ஆம் நூற்றாண்டு நியூயார்க்கில் கப்பலைவிட்டு இறங்கிய ஐரிஷ்காரனுக்கு டம்மனி ஹால் என்ற உள்ளூர்க் கட்சி அமைப்பின் ஆள் வேலை பிடித்துக் கொடுத்தான், குளிருக்கு நிலக்கரி கொடுத்தான், கையோடு குடியுரிமையும் வாங்கித் தந்தான். பதிலுக்கு ஓட்டு. இது ஊழல் என்று சீர்திருத்தக்காரர்கள் கொதித்தார்கள். 1871இல் டம்மனி தலைவர் ட்வீட் கைதானார். நம் மலாயாவின் கெடாவில், காலனிய காலத்தில், அந்த ஊழலுக்கு வழியே இருக்கவில்லை. சிடாம் கிரி பக்கத்துத் தோட்டங்களில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்த ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று, தொழிலாளரை அழைத்துவந்து வேலை வாங்கிய கங்காணிக்குத் தலைக்காசு. தொழிலாளிக்கு ஓட்டே கிடையாது. ஆகவே அதை விற்கும் பாவமும் இல்லை. "கங்காணியும் நம்மவர்தானே, சொந்தபந்தத்தைத்தானே அழைத்து வந்தார்?" என்பார்கள். டம்மனிக்காரனும் ஐரிஷ்காரன்தான். ஆனால் அவன் அடுத்த தேர்தலுக்கும் அதே வீட்டுப் படி ஏறவேண்டும். கங்காணி ஏறவேண்டியதோ தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாப் படி.

மதுக்கடைக் கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் கடையை மூடச் சொன்னவர்களில் வசதியான சீர்திருத்தக்காரர்கள் ஏராளம். இங்கே 1947இல் கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத் தொண்டர் படை மறியலில் இறங்கியது, உரிமம் பெற்ற கடையைக் காக்கப் போலீஸ் வந்தது. கள்ளை நிறுத்தினால் சம்சு சாராயம் குடித்துக் கெடுவார்கள் என்பது துரைமார் வாதம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்தில் கூலியை வெட்டியபோது, அதே உடம்புகள்மேல் இந்த அக்கறை யாருக்கும் எழவில்லை. மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27இல் நடந்தது. குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர் பலர் அன்றும் ஓட்டுப் போடவில்லை.