ட்ராக் இல்லாத டைம்லைன்

2011 ஜூன் 21 அன்று ஆப்பிள் நிறுவனம் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்கிற எடிட்டிங் மென்பொருளை வெளியிட்டது. ஆனி மாதம், கல்யாண சீசன். சென்னைப் புறநகரில் கேம்ப் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் வழியாக மேடவாக்கம் வரைக்கும் மாடி அறைகளில் உட்கார்ந்து கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற மிக்ஸிங் வேலை செய்துகொண்டிருந்த எல்லோருக்கும் கழுத்து வரை வேலை. அந்த வேலைக்கு நடுவிலும் டீக்கடையில் நாங்கள் பேசியதெல்லாம் இந்த ஒரு மென்பொருளைப் பற்றித்தான்.

பேசினோம் என்பதைவிடத் திட்டினோம் என்பது சரி. அந்தத் திட்டில் எது நியாயம், எதைக் காலம் மாற்றிவிட்டது என்று இத்தனை வருடம் கழித்துப் பிரித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, "எடிட்டர்கள் புதுசைக் கண்டால் பயப்படுவார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது உண்மையில்லை.

எங்கள் பக்கத்து மிக்ஸிங் சென்டர்களில் பெரும்பாலும் எடியஸ் மென்பொருள்தான். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், அதில் எடியஸ் அல்லது பிரீமியர், பூ விரிந்து மாப்பிள்ளை பெண் பெயர் வருகிற டைட்டில். மேக் இருந்த அறைகள் குறைவு. செம்பாக்கம் காமராஜபுரத்தில் நான் வேலை பார்த்த அறை அவற்றில் ஒன்று. கல்யாணமும் வெட்டுவோம், டிவி நிகழ்ச்சியும் வெட்டுவோம். கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' வந்த பிறகு குறும்படப் பையன்கள் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கோடம்பாக்கத்து எடிட் சூட் வாடகை அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. தாம்பரத்தில் ரயிலிறங்கி பஸ் பிடித்து எங்களிடம் வந்துவிடுவார்கள்.

"எஃப்.சி.பி. தெரியுமா?" என்பதுதான் அன்று வேலை கேட்டுப் போகிறவனிடம் முதல் கேள்வி. தெரியும் என்றால் மறுநாளே நாற்காலி கிடைக்கும். 1999-இல் வந்த ஃபைனல் கட் ப்ரோ அப்படி ஒரு வாசலைத் திறந்துவைத்தது. ஆவிட் எடிட்டிங் மென்பொருள் தமிழ் சினிமாவுக்குள் 'மகாநதி' காலத்திலேயே வந்துவிட்டது என்பார்கள். ஆனால் அது பெரிய இடத்துச் சொத்து. எஃப்.சி.பி.யோ ஒரு மேக் கம்ப்யூட்டர் வாங்க முடிந்தவன் கைக்கு எட்டியது. 2003-இல் 'கோல்ட் மவுண்டன்' படத்தை வால்டர் மர்ச் அதில் வெட்டி, எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். 2011 பிப்ரவரியில் 'தி சோஷியல் நெட்வொர்க்' எடிட்டிங்குக்கான ஆஸ்கரையே வாங்கியது, அதுவும் எஃப்.சி.பி.யில் வெட்டிய படம்தான். அந்த விழா நடந்து நாலு மாதம் முடிவதற்குள் அதே மென்பொருளின் விற்பனையை ஆப்பிள் நிறுத்திவிட்டது. இனி புதியது மட்டும்தான் என்றது.

புதியதைத் திறந்து பார்த்தால் பழகிய எதுவுமே இல்லை. வலது பக்கம் கேன்வாஸ், இடது பக்கம் வியூவர் என்று இரண்டு ஜன்னல் இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று. வி1, வி2, ஏ1, ஏ2 என்று மாடி மாடியாக அடுக்கியிருந்த ட்ராக் முழுசாகக் காணோம். ஒரு ஷாட்டை நகர்த்தினால் பக்கத்து ஷாட்டுகள் தாமாக ஓடிவந்து இடைவெளியை அடைத்துக்கொள்கின்றன. இதற்கு மேக்னடிக் டைம்லைன் என்று பெயர். எங்கள் அறையில் இருந்த அசிஸ்டென்ட் பையன் சுட்டியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ட்ராக் எங்கண்ணே?" என்று கேட்டபடியே இருந்தான். பதில் சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை.

பழக்கம் போனதுகூடப் பெரிய விஷயமில்லை, கை ஒரு மாதத்தில் மாறிவிடும். உண்மையான அடி வேறு இடத்தில் விழுந்தது. எடிட்டர் தனியாக வேலை செய்கிறவர் கிடையாது. படத்தை வெட்டி முடித்ததும், எந்த ரீலில் எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை எடுத்தோம் என்கிற ஈ.டி.எல். பட்டியல் லேப்புக்கும், நிறம் சரிசெய்கிற டி.ஐ.க்கும் போக வேண்டும். சவுண்டை ஓ.எம்.எஃப். ஆக்கி ப்ரோ டூல்ஸ் வைத்திருக்கிற ஸ்டுடியோவுக்குக் கொடுக்க வேண்டும். சாலிகிராமம், வடபழனி என்று நாலு இடத்துக்கு ஒரு படம் பயணிக்கும். புதிய மென்பொருளில் ஈ.டி.எல். இல்லை, ஓ.எம்.எஃப். இல்லை, டைம்லைனை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகிற எக்ஸ்.எம்.எல். இல்லை. டேப்பில் திரும்ப ஏற்றுகிற வசதி இல்லை. அப்போது சேனல்கள் நிகழ்ச்சியை டேப்பில்தான் கேட்டுக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, எஃப்.சி.பி. 7-இல் செய்த பழைய ப்ராஜெக்டை அது திறக்கவே திறக்காது. பாதி வெட்டிய படம் பாதியிலேயே நிற்கும்.

கல்யாணத்துக்கும் இதே கதிதான். முகூர்த்த நேரத்தில் மூன்று கேமரா ஓடும். ஒன்று மணவறைக்கு நேரே, ஒன்று பெண் பக்கம், ஒன்று கூட்டத்தின் மேல். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து வெட்டுகிற மல்டிகேம் பழையதில் இருந்தது, புதியதில் இல்லை. ஆனி மாதத்தில் மல்டிகேமைப் பிடுங்கினால் மிக்ஸிங் செய்கிறவன் என்ன செய்வான்?

இது செம்பாக்கத்துக் கோபம் மட்டுமில்லை. அமெரிக்காவில் கோனன் ஓ'பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருடைய எடிட்டர்களே இந்த மென்பொருளைக் கேலி செய்து ஒரு துண்டு ஒளிபரப்பினார்கள். பழையதைத் திரும்பக் கொடு என்று ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அடோபியும் ஆவிட்டும் பாதி விலைக்கும் அதற்குக் குறைவாகவும் தங்கள் மென்பொருளைத் தருகிறோம், வாருங்கள் என்று அழைத்தன. ஓரிரு மாதத்தில் ஆப்பிளே இறங்கிவந்து, தொலைபேசியில் கேட்கிறவர்களுக்குப் பழைய பதிப்பை விற்கத் தொடங்கியது.

இந்தப் புதிய மென்பொருளை வடிவமைத்தவர் ராண்டி உபியோஸ். அடோபி பிரீமியரின் முதல் பதிப்புகளை எழுதியவரும் அவர்தான், ஃபைனல் கட் ப்ரோவை உருவாக்கியவரும் அவர்தான். உலகத்தில் பாதி எடிட்டர்களின் விரல் பழக்கத்தை உண்டாக்கிய மனிதர், அதே பழக்கத்தைத் தன் கையாலேயே கலைத்தார். வெளியிலிருந்து வந்த ஆள் செய்திருந்தால் விவரம் தெரியாதவர் என்று விட்டிருப்போம். விவரம் தெரிந்தவர் செய்ததால்தான், இதில் ஏதோ இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லாத மாதம், மிக்ஸிங்காரர்களுக்குப் பாக்கியை முடிக்கவும் புதுசு கற்றுக்கொள்ளவும் கிடைக்கிற மாதம். நானும் உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது வேகம். குறும்படப் பையன்கள் அப்போது கேனன் 5டி, 7டி கேமராவில் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்த ஃபைலை எஃப்.சி.பி. 7 நேராக ஓட்டாது, ப்ரோரெஸ்ஸாகக் கன்வர்ட் செய்தாக வேண்டும். ராத்திரி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், காலையில் வந்துதான் வேலையைத் தொடங்க முடியும். பழையது 32 பிட் மென்பொருள், கம்ப்யூட்டரில் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் அதற்குத் தொடத் தெரியாது. புதியது 64 பிட். ஃபைலை உள்ளே இழுத்துப் போட்ட நிமிடமே வெட்ட ஆரம்பிக்கலாம். ரெண்டர் பின்னால் தானாக நடக்கும். ஒரு ராத்திரிக் காத்திருப்பு அப்படியே காணாமல் போனது.

அடுத்தது 'சேவ்'. மெனுவில் அந்தச் சொல்லே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் அழுத்திப் பழகிய விரல் தவித்துப் போய்விட்டது. செய்கிற ஒவ்வொரு கட்டையும் அது தானே எழுதி வைத்துக்கொள்கிறது என்பதை நம்பவே நாளானது. 2012 வந்தது. சென்னையிலேயே தினம் 2 மணி நேரம் கரண்ட் இல்லை, வெளி மாவட்டங்களில் அதைவிட மோசம். எங்கள் அறை யு.பி.எஸ். பேட்டரி பழையது, எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. பக்கத்து அறைகளில் கரண்ட் போனதும் "ஐயோ, சேவ் பண்ணலையே" என்கிற குரல் கேட்கும். எங்கள் மேக் அணைந்து திரும்ப எழுந்தால், கடைசியாக வெட்டிய கட் அங்கேயே நிற்கும். கலிபோர்னியாவில் இருந்தவர்கள் எங்கள் மின்வெட்டை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அதன் முழுப் பலனை அனுபவித்தது நாங்கள்தான்.

மேக்னடிக் டைம்லைன் புரிந்தது தாலி கட்டுகிற ஒரு காட்சியில். பழைய முறையில், கெட்டிமேளச் சத்தத்தைக் கீழே ஏ3-இல் போட்டு, மேலே தாலி முடிகிற ஷாட்டோடு சேர்த்திருப்போம். எல்லாம் முடிந்த பிறகு பெண்ணின் அத்தை வந்து, "தம்பி, காசி யாத்திரையில என் வீட்டுக்காரர் குடை பிடிச்சாரே, அது வரலையேப்பா" என்பார். முன்னால் நாலு விநாடி சேர்த்தால் மேலே உள்ளது நகரும், பூட்டி வைத்த ட்ராக் நகராது. அதற்கப்புறம் எல்லா இடத்திலும் தவில் ஒரு பக்கம், தவில்காரர் கை ஒரு பக்கம். ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்ய வேண்டும். புதியதில் கெட்டிமேளத்தை அந்தத் தாலி ஷாட்டிலேயே கொக்கி போட்டு மாட்டிவிடுகிறோம். ஷாட் எங்கே போனாலும் சத்தம் கூடவே போகும். அத்தை எத்தனை தடவை வந்தாலும் பயமில்லை. ட்ராக் ஏன் வேண்டாம் என்று உபியோஸ் முடிவு செய்தார் என்பது அன்று எனக்குப் புரிந்தது. அது சரியான முடிவு என்று இன்றும் சொல்வேன்.

விடுபட்டவையும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 2011 செப்டம்பரில் எக்ஸ்.எம்.எல். வந்தது. 2012 ஜனவரி 31 அன்று மல்டிகேம் வந்தது. மூன்று கேமராவையும் சத்தத்தை வைத்துத் தானாகவே ஒத்திசைத்துக்கொடுத்தது. தை மாதத்தில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது, ஆனாலும் மிச்ச முகூர்த்தங்களுக்கு உதவியது. அதே ஜனவரியில், பழைய ப்ராஜெக்டைப் புதியதுக்கு மாற்றித்தருகிற '7டூஎக்ஸ்' என்கிற சின்ன மென்பொருளை வேறொரு நிறுவனம் கொண்டுவந்தது. ஏழு மாதம் முன்பே ஆப்பிள் கொடுத்திருக்க வேண்டிய பாலம் அது.

இடம் மாறிப் போனவர்கள் கதை வேறு மாதிரிப் போனது. 2011-இல் கோபித்துக்கொண்டு பிரீமியருக்குப் போனவர்களை, 2013-இல் அடோபி மாதச் சந்தாவில் உட்காரவைத்தது. இங்கேயே இருந்தவர்கள் 299.99 டாலர் ஒரு தடவை கட்டினார்கள். 2024 நவம்பரில் 11ஆம் பதிப்பு வந்தபோதும் அவர்கள் கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் சினிமா பெருமளவு திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. 'சோஷியல் நெட்வொர்க்' கூட்டணி 2014-இல் 'கான் கேர்ள்' படத்தைப் பிரீமியரில் வெட்டியது. ஒரு தொழிலின் நம்பிக்கையை ஒரே நாளில் இழந்தால், மென்பொருளைத் திருத்திவிடலாம், நம்பிக்கையைத் திருத்த முடிவதில்லை. இன்று எங்கள் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேர் இலவசமாகக் கிடைக்கிற டாவின்சி ரிசால்வில் தொடங்குகிறார்கள். மற்றவர்கள் போனிலேயே ரீல்ஸ் வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். அன்று இந்த மென்பொருளைக் குப்பை என்று சொன்ன சீனியர் ஒருவர் இன்று சேலையூரில் அதையே கற்றுக்கொடுக்கிறார். ட்ராக் என்றால் என்ன என்று அவருடைய மாணவர்கள் அவரிடம் கேட்கிறார்கள்.

2011-இல் எங்களுக்கு இருந்த கோபம் நியாயமானது, புதிய வடிவமும் நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. கோபம் புதுசின் மேல் இல்லை, பழைய வேலைக்குக் கதவைச் சாத்தியதன் மேல். 'பாரசைட்' படத்தை 2019-இல் யாங் ஜின்மோ எஃப்.சி.பி. 7-இலேயே வெட்டி, எடிட்டிங்குக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனார். விற்பனை நிறுத்தி எட்டு வருடம் ஆன மென்பொருள். அதற்காகப் பழைய மேக்கை அப்படியே காப்பாற்றி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் 2017-இல் வந்த ஹை சியராவில் எஃப்.சி.பி. 7 ஓடாது.

எங்கள் அறையிலும் அப்படி ஒரு மேக் இருக்கிறது. செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த 2021-க்குப் பிறகு ஒரு நாள், பழைய வாடிக்கையாளர் ஒருவர் மனைவியோடு வந்தார். அவர்களுடைய கல்யாண வீடியோவில் பாட்டி நலங்குப் பாட்டு பாடுகிற இடத்தில் நாங்கள் சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தோம். அன்று எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். "பாட்டி குரல் மட்டும் தனியா கிடைக்குமா அண்ணே?" என்றார் அவர் மனைவி. ப்ராஜெக்டைத் திறந்தால் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவப்பாக நின்றது. ஆனால் எந்தக் கேசட், எத்தனையாவது நிமிடம் என்கிற கணக்கு அதற்குள் பத்திரமாக இருந்தது. கேசட்டை அவர்கள் பீரோவில் வைத்திருந்தார்கள், டெக்கும் ஓடியது. பாட்டி முழுப் பாட்டையும் பாடியிருந்தார்.

எடிட்டிங் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்த மென்பொருளில் வெட்டினாலும், வேலை முடிந்ததும் ஒரு எக்ஸ்.எம்.எல்., ஒரு முழுத்தர மாஸ்டர், இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டில் மினி டி.வி. (MiniDV) கேசட் வைத்திருக்கிறவர்கள், டிவிடி இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். டிவிடியில் இருப்பது நாங்கள் வெட்டியது மட்டும்தான், எடுத்தது முழுவதும் கேசட்டில்தான் இருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட் சுமார் 13 ஜிபி, இன்றைய பென்டிரைவிலேயே அடங்கிவிடும். வெட்டாமல் அப்படியே ஏற்றித் தரச் சொல்லுங்கள், இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். புது மேக்குகளில் ஃபயர்வயர் கேபிள் செருகும் துளையே கிடையாது, ஓடுகிற டெக்கும் குறைந்துகொண்டே வருகிறது. இந்த வருடமே செய்துவிடுங்கள்.