மூன்றாவது ஜெனரேட்டர் நலமா?

அனுப்புநர்: பஸ்ஸுக்குக்கூட ஓடிப் பழகாத ஒருவன்
பெறுநர்: மாண்புமிகு மேயர் மைக்கேல் புளூம்பெர்க், நியூயார்க்
நாள்: 5-11-2012

பொருள்: நியூயார்க் மாரத்தானைக் கடைசி நேரத்தில் நிறுத்தியமைக்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1) ஓட்டம் நடக்கும் என்ற தங்கள் 31-10 அறிவிப்பு. 2) நடக்காது என்ற 2-11 அறிவிப்பு.

ஐயா,

வணக்கம். பார்வை ஒன்றையும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டிலுமே தாங்கள் சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டேன்.

திங்கள் இரவு சாண்டி புயல் கரையேறியது. ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. சுரங்க ரயில் பாதைகளில் கடல் தண்ணீர், கீழ் மன்ஹாட்டனில் இருட்டு, நகரில் நாற்பதுக்கும் மேற்பட்ட சாவு. இதற்கு நடுவிலும் ஓட்டம் நடந்தால் ஊருக்குள் 34 கோடி டாலர் புரளும் என்று கணக்குச் சொன்னார்கள். இழவு வீடானாலும் வரவு எழுத ஓர் ஆள் வேண்டும்தானே.

தொடக்கக் கோடு ஸ்டேட்டன் தீவில் இருப்பது பழைய ஏற்பாடு. அதற்குத் தங்களைக் குறை சொல்வது நியாயமில்லை. வெடிச் சத்தம் கேட்டதும் பல்லாயிரம் பேர் அந்தத் தீவுக்கு முதுகைக் காட்டி, வெராசானோ பாலத்தில் ஏறிப் புரூக்ளினுக்கு ஓடுவது ஆண்டுதோறும் நடப்பது. இந்த ஆண்டு அதே தீவில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப் போனார்கள். அதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா? அங்கே ஓர் ஓட்டல் முதலாளி மட்டும் முறைகேடாக நடந்துகொண்டார். ஓட்டக்காரர்கள் முன்பதிவு செய்திருந்த அறைகளில் புயலுக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருக்கிறார்கள், அவர்களை எழுப்ப மாட்டேன் என்றுவிட்டார். நகராட்சிக்கு வெள்ளி மாலைதான் உதித்த யோசனை, அவருக்கு அறைச் சாவியைப் பார்த்ததுமே உதித்துவிட்டது.

பிறகு அந்த ஜெனரேட்டர்கள். சென்ட்ரல் பார்க்கில் பத்திரிகையாளர் கூடாரத்துக்காக இரண்டு உறுமிக்கொண்டிருக்க, அவற்றில் ஒன்று மக்கர் செய்தால் ஆகட்டும் என்று மூன்றாவது சும்மா நின்றதாம். மெழுகுவத்தி கிடைத்தாலே போதும் என்று ஆயிரக்கணக்கான வீடுகள் இருந்த வாரம் அது. இத்தனை முன்யோசனையை நியூயார்க் போஸ்ட் பாராட்டியிருக்க வேண்டாமா? முதல் பக்கத்தில் போட்டு மானத்தை வாங்கிவிட்டது.

வெள்ளி மாலை ரத்து. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உட்கார்ந்தவர்களைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி. கடல் தாண்டிப் பறந்து வந்தவர்கள் எண் அட்டையும் கையுமாக ஓட்டல் வாசல்களில் நின்றார்கள். 1970இல் தொடங்கிய ஓட்டம் ரத்தானது இதுவே முதல் முறை. அந்த அறிவிப்பிலும், ஓட்டத்தால் மீட்பு வேலைக்கு எந்தக் குறையும் வந்திருக்காது, சர்ச்சையும் பிளவும் கிளம்பிவிட்டதால்தான் நிறுத்துகிறோம் என்று மறக்காமல் சேர்த்திருந்தீர்கள். புயலுக்கு நிற்காத ஓட்டம் புகாருக்கு நின்றது.

ஒரு புகார் என்னிடமும் உண்டு. நேற்று, ஞாயிறு காலை, ஓட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் படகேறி ஸ்டேட்டன் தீவுக்கே போயிருக்கிறார்கள். முதுகுப் பையில் நிவாரணப் பொருள்களைக் கட்டிக்கொண்டு, இடிந்த தெருக்களில் ஓடியிருக்கிறார்கள். யாரும் நேரம் குறிக்கவில்லை, யாருக்கும் பதக்கம் இல்லை. சாலையில் ஓடத் தங்கள் அலுவலகத்தில் அனுமதி வாங்கினார்களா என்று விசாரித்துத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மூன்றாவது ஜெனரேட்டரைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

இணைப்பு: மெழுகுவத்தி – 2. அவற்றில் ஒன்று அணைந்தால், மாற்றாக – 1.