மீனுக்கு நெய், எனக்கு ஆறிப்போன பூரி

இன்று காலையிலும் வந்துவிட்டது. 'உங்கள் குடும்பத்தின் ஏரி அனுபவம் எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரம் தந்து எங்களை ஊக்கப்படுத்துங்கள்!' கூடவே பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு மீன் படம். போன சனிக்கிழமை கர்ஜத் பக்கத்து ஏரிக்கரையில் வெந்த பின்கழுத்து இன்னும் எரிகிறது. காலர் வைத்த சட்டை போட முடியவில்லை. இந்த நிலையில் சிரிக்கிற மீனைப் பார்த்தால் என்ன தோன்றுமோ, அதைப் பத்திரிகையில் எழுத முடியாது. ஆகவே, இந்த மீன்பிடிப்பு ஏற்பாட்டாளர்கள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த விஷயத்தை, அதாவது மீன்பிடித்தல் குழந்தைகளுக்குப் பொறுமையை எப்படிக் கற்றுத் தருகிறது என்பதை மட்டும் இங்கே விளக்கப்போகிறேன்.

மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஜூன் பாதியில்தான் ஸ்கூல் திறக்கும். பம்பாய் செம்பூரில் எங்கள் பில்டிங் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வீட்டுப் பிள்ளை குதிரை ஏறுகிறது, இன்னொன்று ரோபோ செய்கிறது, மூன்றாவது மண்பானை வனைகிறது. 'எங்கள் வீட்டில் இரண்டும் மாம்பழம் தின்றுவிட்டுத் தூங்குகின்றன' என்று எழுத எந்தத் தகப்பனுக்குக் கை வரும்? 'வழிகாட்டியுடன் ஒருநாள் மீன்பிடிப்பு' என்று வந்ததும் பணத்தைக் கட்டிவிட்டேன்.

மீன் பிடிக்கப் போகிறோம் என்ற மூன்று சொல் மட்டும் அம்மா காதில் விழுந்திருக்கிறது. விடிகாலையில் வண்டி ஏறும்போது கையில் ஒரு துணிப்பை. உள்ளே ஒரு பாட்டிலில் கரைத்த புளி, ஒரு டப்பாவில் அரைத்த மசாலா, பழைய தமிழ்ப் பேப்பரில் சுற்றிய அருவாமனை. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, தாராவியில் குடித்தனம் நடத்தியவள். மீன் என்றால் குழம்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

வழியில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொன்னேன். பவாய் ஏரி 1891-இல் குடிதண்ணீருக்காக அணை கட்டி உண்டாக்கியது, தண்ணீர் குடிக்க லாயக்கில்லாமல் போனது, 1936-இல் தூண்டில்காரர்கள் சங்கம் வைத்து அங்கே உட்கார்ந்துகொண்டார்கள், இன்றும் அதில் முதலை இருக்கிறது என்றேன். முதலையைத் தவிர வேறெதுவும் அவர்கள் மண்டையில் ஏறவில்லை. "அப்போ அங்க ஏன் போகல?" என்று பன்வேல் வரை அழுகை.

பவாய் ஏரியும் விஹார் ஏரியும் நிரம்பி வழிந்தால் அதுதான் மிட்டி ஆறு. தாராவியை உரசிக்கொண்டு மாஹிம் கழிமுகத்தில் விழுகிறது. 1909-ஆம் வருஷத்துக் கெசட்டியர், தாராவியை பம்பாயின் ஆறு பெரிய கோளிவாடாக்களில் ஒன்று என்கிறது. மீனவக் கிராமம்! இன்று அந்தத் தண்ணீரில் காலை நனைத்தவன் நேரே டாக்டரிடம்தான் போக வேண்டும். மீனவக் கிராமத்தில் வளர்ந்தவன், பிள்ளைகளுக்கு ஒரு மீனைத் தண்ணீரோடு காட்ட இரண்டு மணி நேரம் வண்டியில் போய்த் தலைக்கு இவ்வளவு என்று பணமும் கட்டுகிறேன். இதைச் சொன்னால் வண்டியில் எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்க்கிறார்கள்.

பொறுமைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் இரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் கைடு ஒரு மேஜை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, வரிசையாகக் கிண்ணங்களை அடுக்கினார். வறுத்துப் பொடித்த கடலை மாவு. ரொட்டித் தூள். நல்லெண்ணெய் மணக்கும் புண்ணாக்கு. வாணலியில் சிவக்க வறுத்த வெந்தயம். ஓமம். வெல்லப்பாகு. தேன். ஒரு கரண்டி நெய், அதுவும் உருக்கிய நெய். "ரோகுவுக்கு டால்டா ஆகாது" என்றார். கட்லாவுக்கு ஏலக்காய் தனி. கடைசியில் பையிலிருந்து பயபக்தியோடு எடுத்தார் எல்.ஜி. பெருங்காய டப்பாவை. 1894-இல் இதே பம்பாயில் தொடங்கிய கம்பெனி அது. தமிழ்நாட்டில் பாதிப் பேர் மதராஸ் சரக்கு என்றே நம்பிக்கொண்டிருப்பார்கள். மாட்டுங்கா போய் வாங்கிவந்தாராம், மீனுக்காக!

எல்லாவற்றையும் கொட்டிப் பிசைந்தார். பிசைந்ததை ஈரத்துணியால் மூடி 'ஊறட்டும்' என்றார். முந்தாநாளே பிசைந்து புளிக்கவைத்த மாவு வேறொரு டப்பாவில். அம்மா எட்டிப் பார்த்து, "வெந்தயம் ஒரு சுத்து கூடிப்போச்சு, கசக்கும்" என்றாள். கைடு அதை ஒத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்த்தார். அதன்மேல் எறும்பு முட்டை. அது இல்லையென்றால் மீன் முகம் திருப்பிக்கொள்ளுமாம். உருட்டும் பதம் வேறு இருக்கிறது: கையில் ஒட்டக் கூடாது, தண்ணீரில் உடனே கரையவும் கூடாது, உள்ளே போய் மெல்ல உதிர வேண்டும். எங்கள் வீட்டு ரவா லட்டு இந்தப் பதத்தை ஒரு தீபாவளிக்கும் எட்டியதில்லை. காற்று என் பக்கம் அடித்தது. நெய்யும் ஏலக்காயும் பெருங்காயமும் கலந்து வந்த அந்த வாசனையில் எனக்கு வாயூறியது. இதையெல்லாம் நம் ஊர்க் குளத்தில் உட்கார்ந்து ஆராய்ந்த வெள்ளைக்காரரும் உண்டு. மதராஸ் சிவில் சர்வீஸ் எச்.எஸ். தாமஸ், குளத்தில் தூண்டில் போடுவதற்கென்றே ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அவருக்கு மத்தியானச் சாப்பாடு நன்றாகவே கிடைத்திருக்கும்.

எனக்குக் கிடைத்தது அட்டைப்பெட்டியில் நாலு பூரி. காலையில் எப்போதோ பிறந்தவை. மடித்தால் முறிந்தன. உருளைக்கிழங்கில் உப்பில்லை, பெருங்காயத்தின் நிழல்கூட இல்லை. ஏன் இல்லை என்று கேட்கப் போனவன், மேஜையில் அந்த டப்பாவைப் பார்த்துத் திரும்பி வந்தேன்.

மீன்பிடிப்பு இப்படித்தான் நடந்தது: கைடு தூண்டிலை வீசுவார். கைடு காத்திருப்பார். தக்கை அசைந்தால் கைடு இழுப்பார். பிள்ளைகள் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டில் வியர்த்துக்கொண்டு, அவர்கள் முறை வரும்போது கம்பைப் பிடித்தபடி போட்டோவுக்கு நிற்பார்கள். மத்தியானம் வரை ரோகுவும் வரவில்லை, கட்லாவும் வரவில்லை. நெய் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

சலித்துப்போன என் சின்ன மகள், கைடு பீடி பிடிக்க ஒதுங்கிய நேரத்தில், என் பெட்டியிலிருந்த பூரியைக் கிள்ளிக் கொக்கியில் குத்தித் தண்ணீரில் விட்டாள். மூச்சு விடுவதற்குள் தக்கை முழுகியது. ஜிலேபிக் கெண்டை! 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மீன். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், எதைப் போட்டாலும் தின்னும், நாலு வருஷத்தில் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும், பம்பாய்க்கு வந்த திருநெல்வேலிக்காரனைப் போல.

அம்மா அருவாமனையை எடுத்துப் பேப்பரைப் பிரித்தாள்.

"ஆயி, வாபஸ் சோட்னா படேகா" என்று கைடு ஓடிவந்தார். பிடித்ததை விட்டுவிடுவதுதான் விதியாம். குழந்தைகள் ஒவ்வொருவராக அந்த மீனைப் பிடித்துப் போட்டோ எடுத்து முடிக்கும்வரை விதி காத்திருந்தது. பிறகு அதைத் தண்ணீரில் விட்டார்கள்.

"ஏலே," என்றாள் அம்மா, ஊர்ப்பேச்சு வந்துவிட்டது, "புடிச்ச மீனைத் திருப்பி விடுததுக்கா இவ்வளவு ரூவா குடுத்தே? விடுததுன்னா அது வீட்டிலேயே இருந்திருக்குமேல."

பதில் இருந்தால் நீங்கள் எழுதுங்கள். திரும்பி வரும்போது சயான் பன்வேல் ரோட்டில் போக்குவரத்து நின்றுவிட்டது. புளி பாட்டில் சாய்ந்து என் பையில் ஒழுகியது. அம்மா மான்கூர்டு வரை பேசவில்லை. அதற்கப்புறம் பேசினாள், செம்பூர் வரை நிறுத்தவில்லை.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிடித்த மீனை விட்டுவிடுங்கள், உங்கள் கொள்கை அது, நான் தலையிடவில்லை. ஆனால் அடுத்த மே மாதம் அந்தப் பூரியை ஏரியில் போட்டுவிட்டு, எறும்பு முட்டையை மட்டும் நீக்கி, அந்த மாவை எங்கள் இலையில் வையுங்கள். ஐந்து நட்சத்திரம் என்ன, பத்தாகவே தருகிறேன்.