பெல்ட் மட்டும் போதும் தம்பி

ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே எந்த ஒர்க்ஷாப்பில் எட்டிப் பார்த்தாலும் அவர் நின்றுகொண்டிருப்பார். ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் டீ கிளாஸ். டைமிங் பெல்ட் மாற்ற வந்த அவர் காரின் பானெட் திறந்திருக்கும், முன்சக்கரம் ஒன்று கழன்றிருக்கும், டைமிங் கவர் தரையில் மல்லாந்து கிடக்கும். மெக்கானிக் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவார்: டென்ஷனர், ஐட்லர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டுவார், துக்க வீட்டில் விவரம் கேட்பவர்போல. பட்டியல் முடிந்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: “பெல்ட் மட்டும் போதும் தம்பி. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

இவரைக் கஞ்சன் என்று சொல்லித் தள்ளிவிடலாம்தான். ஆனால் சாட்சிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அதே வண்டியில் புது சீட் கவர், அதன்மேல் அது அழுக்காகாமல் இருக்க ஒரு துண்டு. பின்னால் கேமரா, முன்னால் விளக்கு எரியும் பிள்ளையார், ஹாரன் மட்டும் இரண்டு. கண்ணுக்குத் தெரிகிற, காதுக்குக் கேட்கிற எதற்கும் அவர் கணக்குப் பார்த்ததில்லை. கோளாறு அவர் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. “நல்லாத்தானே இருக்கு?” என்பது இன்றைக்கான கேள்வி. இன்றைக்கு நல்லாத்தான் இருக்கிறது, மெக்கானிக்கே மறுக்கமாட்டார். கேட்க வேண்டியது, “அடுத்த பெல்ட் மாத்துற வரைக்கும் இது வருமா?” என்பது. ஒரு வண்டிக்கு 60,000 கி.மீ. என்பார்கள், இன்னொன்றுக்கு 1,00,000 என்பார்கள். எதுவானாலும் டென்ஷனர் பேரிங் அந்தத் தூரத்தை ஒரு தரம் ஓடி முடித்துவிட்டது. இப்போது ஓய்வு கேட்கிற நேரத்தில் இன்னொரு தரம் ஓடச் சொல்கிறார். அந்த ஓட்டமும் லேசுப்பட்டதில்லை. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 55 கி.மீ., ஒரு மணி நேரம். கிராங்க் நிமிடத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தாலே ஒரு வழிப் பயணத்துக்கு 1,20,000 சுற்று ஆகிறது. பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிற உருளை கிராங்கின் பல்சக்கரத்தைவிட ரொம்பப் பெரிதில்லை என்பதால் அதுவும் கிட்டத்தட்ட அத்தனை முறை சுற்றுகிறது. கோயில் பிராகாரத்தை மூன்று முறை சுற்றினாலே முழங்கால் பிடித்துக்கொள்கிற மனிதருக்கு இதன்மேல் இரக்கம் வராதது ஆச்சரியம்.

அந்த பேரிங் இறுகினால் பெல்ட் புதுசா பழசா என்று பார்க்காது. பல் உரியும், அல்லது பெல்ட்டே அறும். பெரும்பாலான எஞ்சின்களில் வால்வு கீழே நிற்கிற சமயம் பிஸ்டன் மேலே வந்து முட்டும், வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும். சீல் கசிந்தாலும் கதை அதேதான், ஆயில் பட்ட பெல்ட் ஊறிக் கெடும். இது பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவே நடந்தால் என்ன ஆகும்? அங்கே வண்டியை நிறுத்தக்கூடாது என்று போலீஸ் சொல்லிச் சொல்லிப் பார்த்தும், கடலையும் ரயிலையும் வேடிக்கை பார்க்க எல்லாரும் நிறுத்துகிறார்கள். நியாயமான காரணத்தோடு நிற்கிற ஒரே கார் நம்மவருடையதாக இருக்கும், அவரைத்தான் போலீஸ்காரர் நம்பமாட்டார்.

பெல்ட் வரைக்கும் போய்ச் சேருவதுதான் இதில் உண்மையான வேலை. எஞ்சினை ஜாக்கியில் தாங்கி, மவுண்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லியை எடுத்து, கவரைப் பிரித்தால்தான் பெல்ட்டின் முகமே தெரியும். அங்கே போனபிறகு உருளையை மாற்றுவது சில நிமிட வேலை. விட்டுவிட்டால் பிறகு அதே லேபர் மறுபடியும் முழுசாக. இந்தக் கடற்கரையில் அந்த ‘மறுபடியும்’ இன்னும் விலை கூடியது. உப்புக் காற்றில் இரும்பு போல்ட் அலுமினிய உடம்போடு ஒட்டிப்போய், கழற்றும்போது தலை உடைந்து கையோடு வரும். அரிச்சல்முனை வரைக்கும் அடிக்கடி போய்வருகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். இங்கே ஒரு எஞ்சினை எத்தனை தரம் பிரிக்கிறோமோ அத்தனை தரம் புதுப் பிரச்சினையை விலைக்கு வாங்குகிறோம். வேடிக்கை என்னவென்றால், இந்த ஞானம் ஊருக்குப் புதிதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது கரையேற்றிய விசைப்படகில் யாரும் “பெயின்ட் மட்டும் போதும்” என்று சொல்வதில்லை. பலகை, ஷாஃப்ட், எஞ்சின் என்று அத்தனையையும் ஒரே மூச்சில் பார்த்துவிடுவார்கள், நடுக்கடலில் ஒர்க்ஷாப் கிடையாது என்று தெரியும். நம்மவருக்கே ஒரு படகில் பங்கு இருக்கலாம். படகுக்கு ஒரு மூளை, காருக்கு ஒரு மூளை.

வாட்டர் பம்ப் விஷயத்தில் அவருடைய சாதனை தனி. பம்ப் எல்லா எஞ்சினிலும் டைமிங் பெல்ட்டில் ஓடுவதில்லை. வெளி பெல்ட்டில் ஓடுகிற வண்டியில் அதைப் பிறகு தனியாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் வாதாடினால் அது நியாயம். ஆனால் உள்ளே டைமிங் பெல்ட்டிலேயே ஓடுகிற பம்பைக் காட்டியும் “சொட்டு ஒழுகல, விடுங்க” என்கிறார். வீட்டில் அவர் குடிப்பது காவிரிக் கூட்டுக் குடிநீர், அது வராத நாளில் குடம் காசு கொடுத்து வாங்குகிற நல்ல தண்ணீர். ரேடியேட்டருக்கு ஊற்றுவதோ பின்கட்டு போரின் உப்புத் தண்ணீர், குடித்தால் வாந்தி வருகிற ரகம். கூலண்ட் என்பது கம்பெனிக்காரன் காசு பார்க்கச் செய்த ஏற்பாடு என்பது அவர் முடிவு. அந்த உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பம்பின் சீலும் பேரிங்கும் அடுத்த பெல்ட் காலம் முழுக்கத் தாக்குப்பிடிக்கும் என்று நம்ப தனி பக்தி வேண்டும்.

அவர் தரப்பிலும் சொல்ல இருக்கிறது. மெக்கானிக் நீட்டுகிற பட்டியலில் கமிஷனும் கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் சும்மா வந்ததில்லை. பெல்ட் மாற்றப் போன இடத்தில் பேட்டரி, வைப்பர், ஆல்டர்னேட்டர் வரைக்கும் கை நீள்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டியதுதான், அவற்றை எப்போது வேண்டுமானாலும் கழற்றலாம். இதற்கு இரண்டு கேள்வி போதும். அந்தச் சாமானைத் தொட மறுபடி இதையெல்லாம் பிரிக்க வேண்டுமா? அது செத்தால் பெல்ட்டையும் கூட்டிக்கொண்டு போகுமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மாற்று. இரண்டுக்கும் இல்லை என்றால் டீயைக் குடி. இதைத் தெரியாமல் “எல்லாத்தையும் போட்ருங்கண்ணே” என்று போனில் சொல்லிவிடுகிற இன்னொரு ஆசாமியும் உண்டு. அவரால் ஒர்க்ஷாப்காரர் மட்டும் செழிக்கிறார். நம்மவர் சொல்வதில் பலமானது இன்னொன்று: “பழசு கம்பெனியோட வந்தது. நீ போடுறது எந்த ஊர்ச் சரக்கோ!” இதை லேசில் மறுக்க முடியாது. கம்பெனி டப்பாவில் வருகிற போலிச் சாமானைவிட ஓடித் தேய்ந்த அசல் மேல்தான். ஆனால் அது நம்பிக்கையான கடையில் பில்லோடு வாங்கச் சொல்கிற வாதமே தவிர, வாங்காமல் இருக்கச் சொல்கிற வாதமாகாது. அதோடு, அந்த பயம் பெல்ட்டுக்கும் பொருந்துமே? அதை மட்டும் எந்தக் கேள்வியும் கேட்காமல், இருப்பதிலேயே விலை குறைந்ததாகப் பார்த்து எடுத்தவர் அவர்தான்.

“வண்டி ஓடவே இல்லையே” என்பது அடுத்த அம்பு. ரப்பருக்கு ஓடினாலும் வயசு, நின்றாலும் வயசு. அதனால்தான் கையேட்டில் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். எல்லா அம்பும் தீர்ந்தபிறகு அவர் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்: “பாம்பன் பாலத்தைப் பாருங்க. வெள்ளைக்காரன் 1914-ல் போட்டது. நூறு வருஷம் நிக்கலையா?” நின்றது, சும்மா விட்டதால் நிற்கவில்லை. 1964 டிசம்பர் புயல் அதன் இரும்பை வாரிக்கொண்டு போனது, 46 நாளில் ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் மீட்டார்கள். 2007-ல் அகலப் பாதையானது. இத்தனைக்குப் பிறகும் 2022 டிசம்பரில் தூக்குப்பாலத்தின் நிலையைப் பார்த்து ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது, துருவுக்கு பயந்து துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சுமாக. ஓடுகிறது என்பதற்காகப் பழைய தூக்கை அப்படியே வைத்து மற்றதை மட்டும் புதுசாக்கலாம் என்று ரயில்வேயில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நம்மவரிடம் கேட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் அவரிடம் எடுபடாது. பெல்ட் மட்டும் மாறும். பில்லில் இருபது ரூபாய் குறைக்கச் சொல்லி வாங்கிக்கொள்வார். கிளம்பும்போது ஞாபகம் வந்து திரும்புவார். “அந்தப் பழைய பெல்ட்டை எங்க போட்டீங்க? குடுங்க தம்பி, டிக்கியில கிடக்கட்டும். ஸ்டெப்னியா இருக்கும்.”