கேட்பாரற்ற பணம்

கல்கத்தாவில் கிளைவ் வீதிக் கம்பெனிகளில் சுருக்கெழுத்தும் தட்டெழுத்துமாக யௌவனத்தைக் கழித்துவிட்டு லேக் மார்க்கெட் பக்கம் ஜாகை கொண்டிருக்கும் நம்மவர் ஒருவர், கம்பெனி பெயர் மாறி, கை மாறி, கதவையும் சாத்திக்கொண்ட பிற்பாடு, 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி சம்பளத்தில் பிடித்த சேமநல நிதியைத் தேடிப் புறப்பட்டால், முதலில் தம்மையே தேட வேண்டியிருக்கும். ஏனெனில் பழைய பதிவேட்டில் பிறந்த கிராமம் அவருடைய நாமதேயமாகவும், தகப்பனார் பெயர் குலப்பெயராகவும் பிரகாசிக்கும். சோர்ந்து உட்கார்ந்தாலும் பாதகமில்லை: செயலற்ற கணக்கில் ஏழு வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தை, 2015-இல் ஏற்பட்ட மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாற்றிவிட ஏற்பாடு உண்டாகையால், தம் பணம் அகப்படாத கிழவர் முகமறியாத கிழவர்களுக்கெல்லாம் தர்மகர்த்தா ஆகிவிடுகிறார். அதன் பிறகும் 25 வருஷம் வரை உரிமை கோரலாமென்று, சர்க்கார் அவருக்குத் தீர்க்காயுளையும் அனுக்கிரகித்திருக்கிறது.