ரெஸ்ட் அத்தை

தம்மம்பட்டியில் மரச்சிற்பப் பட்டறை இல்லாத தெரு இருக்கலாம்; ரெஸ்ட் அத்தை இல்லாத தெரு கிடையாது. வாகைக் கட்டையில் சாமி முகம் எடுக்கப் பல வருஷம் உளி பிடித்துப் பழக வேண்டும். அத்தைக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. கல்யாணமாகி வந்த பெண் குழாயடியில் குடத்தை வைத்ததும், "மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது? மாத்தர போடறியா கண்ணு?" என்று ஆரம்பித்துவிடுவார்.

கருத்தடை மாத்திரை போடுகிறேன் என்று சொன்னால் தீர்ந்தது.

"தொடந்து போட்டா உள்ளாற சேந்துக்கும் கண்ணு. மரவள்ளி வெச்ச காட்டையே ஒரு போகம் சும்மா போடறோம். ஆறு மாசம் தின்னா மூணு மாசம் நிறுத்து. ஒடம்புக்கு ரெஸ்ட் குடு!"

உவமை பிரமாதம். ஆனால் காட்டை எதற்குச் சும்மா போடுகிறார்கள்? அடுத்த வெள்ளாமை அமோகமாக வரத்தானே! அத்தை பேச்சைக் கேட்டு ரெஸ்ட் எடுத்தவர்களின் வெள்ளாமை இப்போது அங்கன்வாடியில் அ, ஆ சொல்லிக்கொண்டிருக்கிறது.

அத்தைக்கு இதில் சொந்த அனுபவம் உண்டா என்று கேட்டுவிடாதீர்கள். இரண்டாவது பிரசவத்தோடு பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்களின் கதை அதுதான்; மாத்திரை போடுபவர்கள் மிகவும் சொற்பம். ஆக, வாழ்நாளில் ஒரு கருத்தடை மாத்திரைகூட விழுங்காதவர்தான் தெருவுக்கே மாத்திரை நிபுணர்.

உண்மையில் அந்த மாத்திரை உடம்பில் மூட்டை கட்டிச் சேர்வதில்லை. நிறுத்திய சில நாளில் வெளியேறிவிடும். முதல் மாதத்திலேயே கருமுட்டை வரலாம். இடையிடையே நிறுத்துவதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. மாத்திரையால் ரத்தம் கட்டிக்கொள்ளும் அபாயம் சிறியது. ஆனால் ஆரம்பித்த முதல் சில மாதங்களில்தான் அது அதிகம். நாலு வாரம், அதற்கு மேல் என்று விட்டுவிட்டு மறுபடி தொடங்கினால் அந்த முதல் மாதங்களும் மறுபடி தொடங்கும். அத்தை கொடுக்கச் சொன்ன ரெஸ்ட் இதுதான்.

அத்தையின் கைவரிசை முழுதாகத் தெரிவது, மூணு மாசம் கழித்து மாத்திரையை மறுபடி எடுக்கும் நாளில். மாமியார் கண்ணில் படாமல் உளுந்து டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்த மாலா-என் அட்டை வெளியே வரும். 28 குழி, 21 வெள்ளை, 7 பழுப்பு. வெள்ளையில் பாதி காலி. அத்தை கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அட்டையை ஜாதகம் போலத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

"உட்ட எடத்துல இருந்தே போடு. காசு குடுத்தது வீணாப் போவலாமா?"

மாலா-என் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"இந்தப் பழுப்பு இருக்குதே, இது ரத்த மாத்தர. மொதல்ல இத முழுங்கி ஒடம்பத் தேத்திக்க."

பழுப்பு ஏழும் இரும்புச்சத்து என்பது சரிதான். ஆனால் அதில் கருவைத் தடுக்கும் ஹார்மோன் கிடையாது. உடம்புக்கு ரெஸ்ட் ரெஸ்ட் என்று அவர் தவிக்கிறாரே, ஹார்மோன் இல்லாத அந்த ஏழு நாள் ரெஸ்ட் மாதாமாதம் அட்டைக்குள்ளேயே இருக்கிறது.

எதிர்வீட்டுப் பெண் போடுவது சாயா என்ற வேறொரு கருத்தடை மாத்திரை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்தது, ஹார்மோன் இல்லாதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. இதை எட்டிப் பார்த்துவிட்டார் அத்தை. "அவ வாரத்துக்கு ஒண்ணுதான் போடறா. நீ மட்டும் எதுக்கு தெனம் போட்டுச் சாவற?" மாலா-என் போடுகிறவள் இதைக் கேட்டு நடந்தால் அந்த வருஷமே சீமந்த வளையல் வாங்க வேண்டியதுதான்.

சுகாதார நிலையத்து நர்சம்மா சொல்வது வேறு. விட்டுப்போன மாத்திரையை மறுபடி தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய அட்டையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது அட்டை. மாதவிலக்கு வந்த ஐந்து நாளுக்குள் முதல் வெள்ளை மாத்திரை. அதற்குப் பிறகு தொடங்கினால் முதல் ஏழு நாள் ஆணுறையும் சேர்த்து. உயர் ரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் வெட்டும் ஒற்றைத் தலைவலி, ஆறு மாசத்துக்குள்ளான பால்குடிக் குழந்தை, முன்பு கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியது, இதில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

இதையெல்லாம் அத்தையிடம் சொன்னால், "அந்த நர்சம்மாவுக்கு இன்னும் கல்யாணமே ஆவலயே, அவளுக்கென்ன தெரியும்?" என்பார்.

நர்சம்மாவிடம் மாத்திரையும் இலவசம், யோசனையும் இலவசம். அத்தையின் யோசனையும் இலவசம்தான்; ஆனால் அதற்கான செலவு பத்தாம் மாசம் வரும்.