பிளேன்ரீ தந்தால் வேலை இல்லை

முந்தநாள் வெள்ளவத்தை மார்க்கட்டில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றேன். போன் அடித்தது. பார்த்தால் 011இல் தொடங்குகிற நம்பர். வேலைக்கு எழுதிப்போட்டுவிட்டுக் கொழும்பில் இருக்கிறவர்களுக்கு 011 என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுச் சொந்தம் வாட்ஸ்அப்பில் வரும், கூட்டாளிமார் 077இல் வருவார்கள். 011 என்றால் ஒரு மேசை, மேசையில் ஒரு ரெலிபோன், அதைக் காதில் வைத்தபடி எச்.ஆர். மீன்காரரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். பாரையின் கழுத்தில் வைத்த கத்தியை அவர் அப்படியே நிறுத்தினார். பக்கத்தில் இறாலுக்கு விலை குறைத்துக்கொண்டு நின்ற அன்ரியும் பேச்சை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. தொண்டையைச் செருமி, இன்டர்வியூவுக்கு மட்டும் பாவிக்கிற குரலை எடுத்து, "குட் மோர்னிங்" என்றேன்.

கிரெடிட் கார்ட்.

ஒரு வங்கியில் இருந்து. முதல் வருடம் கட்டணம் இல்லையாம். பிள்ளை நல்ல மரியாதையாகத்தான் பேசினா. "சேர் எங்க வேலை செய்யிறீங்க?" என்று கேட்டா. தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "பரவாயில்லை சேர், கொஞ்ச நாள் கழிச்சு எடுக்கிறம்" என்று வைத்துவிட்டா. எடுப்பா. அதுதான் எனக்கு ஏறுகிற கோபம். போன மாதமும் இப்படித்தான் சொன்னா, சொன்னபடி எடுத்திருக்கிறா. இந்த நகரத்தில் திருப்பி எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டுத் திருப்பி எடுக்கிற ஒரே இனம் கிரெடிட் கார்ட் விற்கிற இனம். மீன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியை இறக்கினார்.

எச்.ஆர். ஆட்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. செலவில்லாதது, நாளைக்கே செய்யக்கூடியது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதல், எங்கள் வீட்டுத் தேத்தண்ணிச் சாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

இன்டர்வியூ முடிந்து வந்து நான் சப்பாத்துக் கழற்ற முன்னமே அம்மா கேட்பது, என்ன கேட்டார்கள் என்றல்ல. "என்ன குடிக்கத் தந்தவை?" நான் கணக்கியல் தராதரங்களில் என்ன உளறினேன் என்பதைப் பற்றி அவவுக்கு அக்கறை இல்லை. அது என் பாடு. கம்பனியின் மனதை அறிய அவவிடம் வேறு வழி இருக்கிறது.

தண்ணீர்ப் போத்தலைக் கணக்கில் எடுப்பதில்லை. அது எல்லாருக்கும் வைப்பது. பிளேன்ரீ தந்தால் வேலை இல்லை. "பாலுக்குப் பஞ்சி பார்க்கிறவன் சம்பளத்துக்கு என்ன செய்வான்?" 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாட்களில் மட்டும் இந்த விதிக்கு விலக்கு இருந்தது. அப்போது பிளேன்ரீயில் சீனி போதுமான அளவு இருந்ததா என்று மட்டும் கேட்பா. பால்மா திரும்பி வந்ததும் விதியும் திரும்பி வந்துவிட்டது. மெஷினில் பிடித்த நெஸ்கஃபே என்றால் அரைவாசி நம்பிக்கை. தந்தது மெஷின், மனிசர் இல்லை. மக்கில் பால்தேத்தண்ணி வந்தால் முக்கால்வாசி. கோப்பையும் சோசரும் என்றால் அம்மா கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவா.

அடுத்தது பிஸ்கட். மாரி என்றால் கடமைக்கு வைத்தது. கிறீம் கிராக்கர் அலுவலகத்தாருக்கு வாங்கியது, உனக்கும் இரண்டு எடுத்து வைத்திருக்கிறார்கள். லெமன் பஃப் என்றால் யாரோ யோசித்திருக்கிறார்கள். சொக்லட் பிஸ்கட் தந்தால், அம்மாவின் கணிப்பில், அந்த இடத்துக்கு ஏற்கனவே ஆள் எடுத்தாயிற்று, மனச்சாட்சி உறுத்துகிறது. அதற்கப்பால், தட்டைக் கொண்டுவந்தது யார்? பியோன் என்றால் சாதாரணம். உள்ளே இருக்கிற பெரியவரே தட்டை உன் பக்கம் தள்ளினாரா? "சீனி எவ்வளவு?" என்று கேட்டார்களா? கேட்டிருந்தால் நல்லது. நாளைக்கும் ஊற்றித்தரும் எண்ணம் இல்லாதவன் அதை ஏன் கேட்கிறான்?

கொள்ளுப்பிட்டியில் கடைசியாகப் போன இடத்தில் கோப்பை, சோசர், பால், லெமன் பஃப் எல்லாம் வந்தது. மனேஜர் தன் கையாலேயே தட்டைத் தள்ளி "சாப்பிடுங்கோ தம்பி" என்றார். அம்மா கண்ணை மூடித் திறந்து "இது நிச்சயம்" என்றா. மயூரபதி அம்மனுக்கு என்ன நேர்வது என்பதுவரை பேச்சுப் போய்விட்டது.

அப்பாவுக்கு இந்தச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. அவர் அரசாங்கத் திணைக்களத்தில் லிகிதராக இருந்து பென்சன் எடுத்தவர். நேர்முகப் பரீட்சையில் தனக்குத் தண்ணீர்கூடத் தரவில்லை, கதிரையில் இருக்கச் சொல்லக்கூட இல்லை, ஆனால் வேலை தந்தார்கள் என்பது அவருடைய வாதம். "அது அரசாங்கம்" என்றா அம்மா. "அங்க உள்ளுக்குப் போன பிறகுதானே தேத்தண்ணி குடிக்கத் தொடங்கிறது. பிறகு பென்சன் மட்டும் அதுதானே வேலை." அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

கொட்டாஞ்சேனையில் இருந்து பெரியம்மா போன் எடுத்தா. அவவின் சாத்திரம் வேறு. தந்தது என்ன என்பதைவிட நீ என்ன செய்தாய் என்பதுதான் அதில் முக்கியம். "எத்தினை பிஸ்கட் வைச்சவை?" இரண்டு. "எத்தினை சாப்பிட்டனி?" இரண்டு. ரெலிபோனில் நெடுமூச்சுக் கேட்டது. ஒன்றை மிச்சம் வைத்திருக்கவேணுமாம். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது: மிச்சம் வைத்தால் அவர்கள் தந்ததை மதிக்கவில்லை என்று நினைக்கமாட்டார்களா? ஒன்றரை சாப்பிட்டிருக்கலாம் என்று அப்பா ஒரு சமரசம் சொன்னார். மேல்மாடியில் இருக்கிற, வங்கியில் வேலை செய்து ஓய்வுபெற்ற அங்கிளிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. பிஸ்கட் ஒரு பொருட்டே இல்லை, "நோட்டிஸ் பீரியட் கேட்டவையோ?" என்பதே கேள்வி என்றார் அவர். கேட்டார்கள். "அப்ப சரி" என்றார். அந்த "அப்ப சரி" சொல்லி இப்போது இரண்டு பௌர்ணமி போய்விட்டது. யாராவது ஏதாவது சொன்னார்களா? இல்லை.

ஸ்காபரோவில் இருக்கிற மச்சான்தான் புதுக்கதை கொண்டுவந்தான். ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் சட்டமாம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கம்பனி விளம்பரம் போட்டு உன்னை இன்டர்வியூ எடுத்தால், கடைசி இன்டர்வியூவில் இருந்து 45 நாளுக்குள் உனக்குப் பதில் சொல்லவேண்டும். மற்ற மாகாணத்தார் பார்த்துப் பொறாமைப்படவேண்டிய சட்டம் என்று அவன் சொல்லச் சொல்ல, அம்மா சாமியறைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டா. நான் சட்டத்தை எடுத்து வாசித்தேன். ஆள் எடுக்கும் முடிவு எடுத்தாயிற்றா, இல்லையா என்று சொன்னால் போதுமாம். உன்னை ஏன் எடுக்கவில்லை என்றெல்லாம் அது கேட்கவில்லை. எவ்வளவு சின்ன ஆசை பாருங்கள். ஒரு சட்டசபை கூடி, வாக்கெடுத்து, "முடிவெடுத்தாயிற்று" என்ற ஒரு வரியை மனிசருக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறது. அந்த ஒரு வரிக்காக நான் இன்றைக்கே விசாவுக்குப் போடத் தயார்.

எங்களிடமும் சட்டம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். வாரத்துக்கு 45 மணித்தியாலம், வருடத்துக்கு 14 நாள் லீவு, எல்லாம் அளந்து எழுதியிருக்கிறது. எழுதியதெல்லாம் உள்ளே போனவனுக்கு. வரவேற்பறை சோபாவில் சேர்ட்டிபிக்கட் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஏசிக்குள்ளும் வியர்க்கிறவனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அரசாங்கத்துக்கு எழுதிப்போடு என்பார் அப்பா. வெள்ளிக்கிழமை வர்த்தமானி இப்போதும் அவருக்கு விரதம். கடித உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் பதில் கட்டாயம் வரும் என்பது அவருடைய சித்தாந்தம். வரும்தான். 2020இல் பட்டதாரிகளுக்கு நியமனக் கடிதமே வந்தது. வீட்டில் பால்சோறு காய்ச்சியவர்களை எனக்குத் தெரியும். வந்த கையோடு தேர்தலும் வர, தேர்தல் ஆணைக்குழு நிறுத்தி வைத்தது. தேர்தலைக் கொரோனா தள்ளிப்போட்டது. ஓகஸ்டில் வாக்களிப்பு முடிந்து செப்டம்பர் பிறந்த பிறகுதான் பிள்ளைகள் வேலைக்குப் போனார்கள். கடிதம் கையில் இருக்கக் காத்திருந்தவர்கள் அவர்கள். எங்களுக்கு அந்த வசதியும் இல்லை.

கலியாணம் பேசுவதே இதைவிடத் திறம். பெண் வீட்டார் வந்து பலகாரம் சாப்பிட்டு, "போய்ச் சொல்லி அனுப்புறம்" என்று போவார்கள். பிடிக்கவில்லை என்றால் தரகர் மூலம் "பொருத்தம் காணாது" என்று ஒரு சொல் வரும், சாதகமும் திரும்பி வரும். செவ்வாயின் தலையில் பழியைப் போட்டுவிட்டு இரண்டு பக்கமும் மரியாதையாகப் பிரியலாம். என் சீ.வீ.க்கு அந்த மரியாதைகூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு செவ்வாய்தோஷமாவது கண்டுபிடியுங்களேன்!

வருந்துகிறோம் என்று எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. வருந்தமாட்டார்கள் என்று தெரியும். அரைநாள் ஓடி, சேர்ட்டை அயன் பண்ணி, 100 பஸ்ஸில் போனால் கசங்கும் என்று ஓட்டோவுக்குக் காசு கொடுத்து, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் போட்டோக்கொப்பி எடுத்துப் போனவனுக்கு "இல்லை" என்று மூன்று எழுத்துக் கூடுதலா? அந்தக் கொள்ளுப்பிட்டிக் கம்பனியின் எச்.ஆர். அம்மையார் லிங்க்ட்இன்னில் நாள்தோறும் எழுதுகிறா. மனிதர்களை மதியுங்கள், ஒரு சின்னப் பதில் ஒருவரின் நாளையே மாற்றும், கீழே சூரிய உதயப் படம். நான் அதற்கு லைக் போட்டேன். போடாவிட்டால் கவனித்துவிடுவா என்று பயம்.

யோசனை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். ஆனால் லிஃப்டைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

வெள்ளவத்தை ஃபிளாட் லிஃப்டில் ஒளிக்க இடமில்லை. நாலு பேர் கொள்ளும் பெட்டிக்குள் மூன்றாம் மாடி அன்ரி இரண்டு மரக்கறிப் பையோடு ஏறுவா. கதவு பூட்டியதும், "தம்பி, அந்த அலுவல் என்னமாதிரி?" அவவுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது, அம்மா பிஸ்கட் விஷயத்தில் ஆலோசனை கேட்டிருப்பா. "இன்னும் சொல்லேல்லை அன்ரி." மூன்றாம் மாடி வந்துவிடும். அன்ரி இறங்கமாட்டா. ஒரு காலை வெளியே வைத்து, முதுகால் கதவைத் தடுத்துக்கொண்டு, தன் மருமகனுக்கு எப்படி வேலை கிடைத்தது என்று தொடங்குவா. லிஃப்ட் கத்தத் தொடங்கும். அன்ரி அதைவிட உரத்துக் கதைப்பா. கீழே காத்திருக்கிறவர்கள் பட்டனை அடித்துக்கொண்டே இருப்பார்கள். படியால் போகலாம்தான். படியில் இரண்டாம் மாடி மாஸ்டர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் வாசிப்பார்.

இதெல்லாம் கேள்விப்பட்டுப் பெரியம்மா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தா. (நாங்கள் சைவம்தான். கொச்சிக்கடைக்குப் போகாத சைவக் குடும்பம் கொழும்பில் இருந்தால் கையை உயர்த்துங்கள்.) அந்தோனியார் துலைந்த பொருளைத் தேடித் தருகிறவர். "வேலை துலையேல்லையே பெரியம்மா, கிடைக்கவே இல்லையே" என்றேன். "கடிதம் துலைஞ்சிருக்கும்" என்றா. அவவுக்குச் சந்தேகமே இல்லை: கம்பனி எப்போதோ அனுப்பிவிட்டது, தபால்காரர்தான் கொழும்பு 6ஐ விட்டுவிட்டு 13இல் போட்டுவிட்டார். ஈமெயிலில்தான் வரும் என்றேன். அதையும் மாறிப் போட்டிருக்கலாமாம்.

நான் ஸ்பாம் பெட்டியைத் திறந்து இன்னொரு தடவை பார்த்தேன். நீங்களும் பார்ப்பீர்கள், தெரியும்.

நேற்று இரவு குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் ஸ்காபரோ மச்சான் ஒரு விளம்பரம் போட்டிருந்தான். அதே கொள்ளுப்பிட்டிக் கம்பனி. அதே பதவி. மேலே சிவப்பில் "உடனடியாகத் தேவை". அதற்குக் கீழே பெரியம்மாவின் குரல்பதிவு: "தம்பி, இது உனக்கெண்டே போட்டமாதிரிக் கிடக்கு. அவையளுக்கு அவசரமாம். கெதியா எழுதிப்போடு."

எழுதிப்போட்டேன். இந்த முறை பதில் வரத் தாமதமே இல்லை, பட்டனை அழுத்தி விரலை எடுக்க முன்னம் வந்துவிட்டது. விண்ணப்பத்துக்கு நன்றி, இந்த ஈமெயிலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம், அனுப்பினாலும் யாரும் பார்க்கமாட்டார்கள்.